கொதி அறாத அடுப்பும் கெடாத புட்டியும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் மகளிர் குழுவினரும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

தக்காளி பயிரிடும் உழவருக்கு ஒரு துன்பம் உண்டு. விளைச்சல் குறைந்தால் வருமானம் இல்லை; விளைச்சல் மிகுந்தாலும் வருமானம் இல்லை. பாலக்கோட்டுச் சந்தையிலும் ஒட்டன்சத்திரம் சந்தையிலும் வரத்து மிகும் நாட்களில், பறிக்கும் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் விலை கட்டாமல், பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவோரும் உண்டு. சாலையோரத்தில் கொட்டிச் செல்வோரும் உண்டு. சில மாதங்கள் கழித்து அதே உழவரின் இல்லத்தரசியார் கடையில் ஒரு கிலோ தக்காளியை விலை கேட்டுத் திகைத்து நிற்கிறார்.

மலிந்த காலத்துத் தக்காளியை அரிய காலத்துக்குக் காத்து வைக்கும் வழிகளில் ஒன்று, கண்ணாடிப் புட்டியிலடைத்துக் கொதிநீரில் வேகவைப்பது. சந்தையில் தேங்கும் வண்டி வண்டியான தக்காளிக்கு இது பரிகாரம் ஆகாது; அதற்குக் குளிர்பதனக் கிடங்கும் ஆலையும் வேண்டும். ஆனால் ஒரு குடும்பத்தின் ஆண்டுத் தேவைக்கும், ஒரு மகளிர் குழுவின் சிறு முயற்சிக்கும் இது போதும்.

இந்த வேலை முன்பெல்லாம் விறகடுப்பிலும் எரிவாயு அடுப்பிலும் நடைபெற்றது. இப்பொழுது நம் ஊர்களிலும் பல வீடுகளில் வழவழப்பான கண்ணாடித் தளத்தைக் கொண்ட மின்னடுப்பு வந்துவிட்டது. இண்டக்‌ஷன் அடுப்பு என்று நாம் வழங்குவது அதில் ஒரு வகை. புகை இல்லை, கரி இல்லை, துடைத்தால் பளிச்சிடுகிறது. சாதம் வடிக்கவும் பால் காய்ச்சவும் நன்றாகப் பயன்படும் அந்த அடுப்பில், புட்டிகளை அடுக்கிய பெரிய பாத்திரத்தை முக்கால் மணி நேரம் கொதிக்கவிடலாமா? அப்படிச் செய்தால் அடுப்புக்குக் கேடு வருமா? உண்பவருக்குக் கேடு வருமா? இவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

புட்டி ஏன் கெடுவதில்லை?

பிரான்சு நாட்டில் நிக்கோலா அப்பேர் என்னும் மிட்டாய் செய்பவர், உணவைக் கண்ணாடிப் புட்டியில் இட்டுத் தக்கையால் இறுக மூடிக் கொதிநீரில் வைத்தால் அது நெடுநாள் கெடாமல் இருக்கும் என்று கண்டறிந்தார். 1810-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. உணவு ஏன் கெடவில்லை என்பது அவருக்கே விளங்கவில்லை. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே உணவைக் கெடுக்கின்றன, வெப்பம் அவற்றை அழிக்கிறது என்னும் உண்மையைப் பல ஆண்டுகள் கழித்து லூயி பாஸ்தர் நிலைநாட்டினார்.

ஆனால் எல்லா நுண்ணுயிரும் கொதிநீரில் மடிவதில்லை. மண்ணில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிர், தன்னைக் காத்துக்கொள்ள வித்துகளை உண்டாக்குகிறது. அந்த வித்துகள் 100 பாகை வெப்பத்திலும் பிழைத்திருக்கும். காற்றில்லாத, புளிப்பில்லாத இடமே அவை முளைப்பதற்கு ஏற்றது. இறுக மூடிய புட்டி அத்தகைய இடம் அல்லவா? முளைத்துப் பெருகினால் அவை கக்கும் நஞ்சு நரம்புகளைத் தாக்கும். பார்வை மங்கும், நாக்குக் குழறும், விழுங்க முடியாது, மூச்சு விடும் தசைகள் செயலிழந்து உயிருக்கே ஆபத்து நேரும். இவ்வளவு கொடிய நஞ்சு கலந்த உணவு பார்வைக்கும் மணத்துக்கும் நல்ல உணவைப் போலவே இருக்கக்கூடும்.

இந்தப் பகையை வெல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, புளிப்பு. உணவின் அமிலத்தை அளக்கும் பி.எச். அளவு 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அந்த வித்துகள் முளைக்கமாட்டா. அத்தகைய உணவுக்குக் கொதிநீர் போதும். மற்றொன்று, அழுத்தம். புளிப்பில்லாத பீன்ஸ், கேரட், பட்டாணி, காளான், இறைச்சி முதலியவற்றைக் கொதிநீரில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் பயனில்லை. அழுத்தத்தின்கீழ் ஏறத்தாழ 116 முதல் 121 பாகை வரை வெப்பத்தை உரிய நேரம் நிலைநிறுத்த வேண்டும். அதற்கென்றே செய்த பெரிய அழுத்தக் கொப்பரை வேண்டும்.

நம் வீட்டுக் குக்கரும் அந்த வெப்பத்தை எட்டுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். எட்டுவது உண்மை. ஆயினும் சிறிய குக்கர் விரைவில் சூடேறி விரைவில் ஆறுவதால், பெரிய கொப்பரைக்குச் சோதித்துக் கண்ட கால அளவு அதற்குப் பொருந்தாது. ஆகவே காய்கறிகளை வீட்டில் புட்டியிலடைக்க முயல வேண்டாம். அவற்றுக்கு நம் முன்னோர் கண்ட வற்றலும், உப்பும் புளிப்பும் நிறைந்த ஊறுகாயும் இருக்கின்றன. கொதிநீர் முறையைப் புளிப்புள்ள பண்டங்களோடு நிறுத்திக்கொள்வோம்.

தக்காளி இந்த எல்லைக் கோட்டின் மீதே நிற்கிறது. சில பழங்கள் 4.6-க்குக் கீழும், நன்றாகக் கனிந்த சில பழங்கள் மேலும் இருக்கும். எனவே ஒவ்வொரு புட்டியிலும் புளிப்பைச் சேர்த்தே ஆகவேண்டும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கப்படும் சிட்ரிக் அமிலம் அரை லிட்டர் புட்டிக்குக் கால் தேக்கரண்டிக்குச் சற்று மேலாக வேண்டும். இங்கே தேக்கரண்டி என்பது 5 மில்லி லிட்டர் கொள்ளும் அளவுக் கரண்டி. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து விடுவதில் ஒரு குறை உண்டு: பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும். பப்பாளி, வாழை, நன்கு கனிந்த இனிப்பு மாம்பழம் ஆகியவற்றிலும் புளிப்புக் குறைவு என்பதை நினைவில் கொள்க.

கண்ணாடித் தளத்தின் இயல்பு

இந்த அடுப்பின் தளம் சாதாரணக் கண்ணாடி அன்று. 1953-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்டு ஸ்டூக்கி என்னும் அறிஞர் ஒரு கண்ணாடித் துண்டை 600 பாகைக்குச் சூடாக்க எண்ணினார். உலையின் கோளாறினால் வெப்பம் 900 பாகைக்கு ஏறிவிட்டது. கண்ணாடி உருகி ஓடியிருக்கும் என்று கருதியவர் வெண்ணிறமான ஒரு பொருளைக் கண்டார். அது கைதவறிக் கீழே விழுந்தும் உடையவில்லை. கண்ணாடிப் பீங்கான் பிறந்த வரலாறு இது. 1971-இல் ஜெர்மனியின் ஷாட் நிறுவனம் அடுப்புத் தளத்துக்கு ஏற்ற கண்ணாடிப் பீங்கானை அறிமுகப்படுத்தியது.

இப்பொருள் சூட்டினால் ஏறக்குறைய விரிவதே இல்லை. ஆகையால் சூடான தளத்தில் குளிர்ந்த நீர் சிந்தினாலும் எளிதில் வெடிக்காது. ஆனால் சூட்டைத் தாங்குவது வேறு, அடியைத் தாங்குவது வேறு. கனமான பாத்திரத்தைத் ‘தொப்’பென்று வைத்தால் விரிசல் விழும். மணல் ஒட்டிய பாத்திரத்தை இழுத்தால் கீறல் விழும். கீறல் நாளடைவில் தளத்தின் வலிமையைக் குறைக்கும்.

கண்ணாடித் தள அடுப்பு இரண்டு வகைப்படும். முதல் வகையில் தளத்தின் கீழே மின்கம்பிச் சுருள் செந்தணலாகக் காய்ந்து, கண்ணாடி வழியே பாத்திரத்தைச் சூடாக்கும். கண்ணாடி அளவுக்கு மீறிக் காய்ந்தால், அதனைக் காப்பதற்காக உள்ளிருக்கும் கருவி மின்சாரத்தைத் தானே நிறுத்தி, ஆறியபின் மீண்டும் விடும். பாத்திரம் தணல் வட்டத்தைக் காட்டிலும் மிக அகன்றிருந்தால் வெப்பம் அடியில் தேங்கும். கருவி அடிக்கடி மின்சாரத்தை நிறுத்தும். வட்டத்தின் விளிம்பைத் தாண்டி ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் பாத்திரம் நீளாதிருப்பது நலம். குழிந்த அடியும் வரிவரியான அடியும் இவ்வகை அடுப்புக்கு ஆகா. தளத்தோடு படியும் தட்டையான அடியே வேண்டும்.

இரண்டாம் வகை இண்டக்‌ஷன் அடுப்பு. இதில் கண்ணாடி தானாகச் சூடேறுவதில்லை. கீழே உள்ள சுருள் காந்தப் புலத்தை உண்டாக்க, பாத்திரத்தின் அடியே நேராகச் சூடேறுகிறது. ஆகவே காந்தம் ஒட்டும் பாத்திரமே இதற்கு உதவும். அலுமினியமும் செம்பும் மண்பாண்டமும் உதவா. எவர்சில்வர் பாத்திரங்களிலும் சிலவற்றில் காந்தம் ஒட்டும், சிலவற்றில் ஒட்டாது. கடைக்குச் செல்லும்போது ஒரு சிறு காந்தத்தைக் கையோடு கொண்டு செல்லுங்கள். இவ்வடுப்பும் உள்ளே சூடு மிகுந்தால் நின்றுவிடும். காற்று புகும் துளைகளைத் துணியாலோ தாளாலோ மறைக்கக் கூடாது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

அடுப்பு உடைந்துவிடுமோ என்றுதான் பலரும் அஞ்சுகிறார்கள். அது பண நட்டம். அதனினும் பெரிய ஆபத்து, கொதி இடையிலே அறுந்துபோவதுதான். புட்டிக்கு விதிக்கப்பட்ட நேரம் என்பது நீர் ஓயாமல் தளதளவென்று கொதிக்கும் நேரம். பாத்திரம் அடுப்பின்மேல் இருந்த நேரம் அன்று. அடுப்பு தன்னைக் காத்துக்கொள்வதற்காக மின்சாரத்தை நிறுத்தி, அதனால் கொதி அடங்கினால், கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தாலும் புட்டியின் நடுவிலுள்ள உணவு வேண்டிய சூட்டைப் பெறாமல் போகலாம்.

ஆகவே விதி இது: எக்காரணத்தாலேனும் கொதி நின்றுவிட்டால், அதுவரை சென்ற நேரத்தைக் கணக்கில் கொள்ளாதீர்கள். நீர் மீண்டும் நன்றாகக் கொதித்த பிறகு நேரத்தைத் தொடக்கத்திலிருந்து எண்ணுங்கள். நாற்பதாவது நிமிடத்தில் மின்சாரம் போனாலும் இதுவே விதி. பல இண்டக்‌ஷன் அடுப்புகள் மின்சாரம் திரும்பிய பின்னும் தாமாக இயங்கமாட்டா. பொத்தானை மறுபடியும் அழுத்த வேண்டும். அருகிலே ஆள் இருக்க வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும். மின்சாரம் நெடுநேரம் வராவிடில், அன்றைய புட்டிகளைச் சேமிக்கும் எண்ணத்தை விட்டு, திறந்து அன்றே சமையலுக்குப் பயன்படுத்திவிடுங்கள்.

எனவே புட்டி நிரப்பும் நாளுக்கு முன்னதாக ஒரு வெள்ளோட்டம் பாருங்கள். முதலில் அடுப்போடு வந்த கையேட்டைப் படியுங்கள். எவ்வளவு எடை தாங்கும், எவ்வளவு அகலப் பாத்திரம் ஏற்கும், புட்டியிலடைக்கும் வேலைக்கு ஆகுமா என்பவற்றைத் தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் அதுவே முடிவு. ஆகாது என்று எழுதியிருந்தால் எரிவாயு அடுப்பை நாடுங்கள். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. பத்து லிட்டர் கொள்ளும் பாத்திரம் நீரும் புட்டியுமாகப் பன்னிரண்டு கிலோவை எட்டிவிடும். பெரிய கொப்பரையாயின் 20 கிலோவைத் தொடும். கையேட்டின் எல்லைக்குள் இது அடங்குகிறதா என்று கணக்கிடுங்கள்.

பிறகு, வேலைக்கு எவ்வளவு நீர் வேண்டுமோ அவ்வளவையும் ஊற்றி மூடிக் கொதிக்கவிடுங்கள். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பில் பத்து லிட்டர் நீர் கொதிப்பதற்கு அரை மணி நேரம் அளவில் ஆகும். ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். கொதித்த பின் ஒரு மணி நேரம் கவனியுங்கள். கொதி ஒரு முறையும் அடங்காமல் நீடித்தால் அந்த அடுப்பும் அந்தப் பாத்திரமும் இவ்வேலைக்கு ஏற்றவை. அடங்கி அடங்கி எழுந்தால் பாத்திரத்தைச் சிறிதாக்கிப் பாருங்கள். அப்பொழுதும் அடங்கினால் அந்த அடுப்பு இதற்கு உதவாது.

இத்தகைய அடுப்பைச் சிறிய சொருகியில் பொருத்தக் கூடாது. நில இணைப்புள்ள 16 ஆம்பியர் சொருகி வேண்டும். தளத்தில் விரிசல் கண்டால் உடனே மின்சாரத்தைத் துண்டித்து, பழுது பார்க்கும் வரை தொடாதிருங்கள். விரிசல் வழியே நீர் இறங்கினால் மின்சாரம் தாக்கக்கூடும்.

செய்முறை

புண்ணும் அழுகலும் இல்லாத, கெட்டியாகப் பழுத்த தக்காளியைத் தேர்ந்தெடுங்கள். அரை லிட்டர் புட்டி ஒன்றுக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ பழம் வேண்டும். கொதிநீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை முக்கி எடுத்துத் தோலை உரித்து, காம்புப் பகுதியை நீக்கி நறுக்கி, மசித்துக் கொதிக்கவிட்டு, மேலும் ஐந்து நிமிடம் வேகவிடுங்கள். வெங்காயம், பூண்டு, மிளகாய், எண்ணெய் ஆகியவற்றை இதில் சேர்க்க வேண்டாம். அவை புளிப்பைக் குறைக்கலாம். சூடு பரவுவதையும் தடுக்கலாம். தாளிப்பதெல்லாம் புட்டியைத் திறக்கும் நாளில் செய்துகொள்ளலாம்.

சூட்டைத் தாங்கும் கனமான புட்டிகளைக் கழுவிச் சூடான நீரில் வைத்திருங்கள். குளிர்ந்த புட்டியில் கொதிக்கும் சாற்றை ஊற்றினால் புட்டி வெடிக்கும். எலுமிச்சை உப்பை முதலில் இட்டு, சூடான தக்காளியை நிரப்பி, வாயிலிருந்து ஒன்றேகால் சென்டிமீட்டர் இடம் விடுங்கள். விளிம்பைத் துடைத்துப் புதிய மூடியால் மூடுங்கள். ஒருமுறை பயன்பட்ட உலோக மூடியின் உட்பூச்சு மறுமுறை இறுகப் பிடிக்காது.

தட்டையான அடியுள்ள பாத்திரத்தை முதலில் வெறுமையாக அடுப்பில் வைத்து, பிறகு அங்கேயே நீரை ஊற்றுங்கள். நிரம்பிய பாத்திரத்தைத் தூக்கி வைப்பதும் தளத்தின்மீது இழுப்பதும் வேண்டாம். அடியில் ஒரு தாங்கியை இட்டு அதன்மேல் புட்டிகளை ஒன்றையொன்று தொடாமல் நிறுத்துங்கள். புட்டிகளுக்கு மேல் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் உயரம் நீர் நிற்க வேண்டும். நீர் முழுவதும் கொதிக்கத் தொடங்கிய பின்னரே கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

மசித்த தக்காளியைக் கொதிநீரில் வைக்க வேண்டிய நேரத்தை அமெரிக்க வேளாண்மைத் துறை சோதித்து வகுத்திருக்கிறது. ஏறத்தாழ 945 மில்லி லிட்டர் புட்டிக்குக் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரம் வரை 45 நிமிடம். 300 முதல் 900 மீட்டர் வரை 50 நிமிடம். 900 முதல் 1800 மீட்டர் வரை 55 நிமிடம். அதற்கு மேல் 60 நிமிடம். நம் அரை லிட்டர் புட்டிக்கும் இந்த அளவையே கடைப்பிடித்தால் குறை நேராது. உயரம் ஏற ஏற நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. உதகமண்டலத்தில் 93 பாகைக்கு அருகிலேயே கொதிக்கும். அதனால்தான் நேரம் கூடுகிறது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 300 மீட்டருக்கு மேற்பட்டவை. ஏற்காடு 900 மீட்டருக்கு மேற்பட்டது. உதகையும் கொடைக்கானலும் 1800 மீட்டருக்கு மேற்பட்டவை.

நேரம் முடிந்ததும் அடுப்பை நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்துப் புட்டிகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து, மடித்த துணியின்மேல் நிமிர்த்தி வையுங்கள். பாத்திரம் ஆறும் வரை அடுப்பிலேயே இருக்கட்டும். பன்னிரண்டு மணி நேரம் கழித்து மூடியின் நடுவை அழுத்திப் பாருங்கள். உட்குழிந்து அசையாமல் இருந்தால் நன்று. மேலெழுந்து ‘டக்’கென்று ஒலித்தால் அந்தப் புட்டியைக் குளிர்ச்சாதனப் பெட்டியில் வைத்து விரைவில் பயன்படுத்துங்கள். நன்றாக மூடிய புட்டிகளில் நாளைக் குறித்து, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்து, ஓராண்டுக்குள் பயன்படுத்துங்கள்.

பின்னர் எடுக்கும்போது மூடி உப்பியிருந்தாலோ, கசிந்திருந்தாலோ, திறந்தவுடன் பீறிட்டாலோ, பூஞ்சணம் தெரிந்தாலோ, நாவில் வைத்துச் சுவை பார்க்காதீர்கள். மாட்டுக்கும் கோழிக்கும் இடாதீர்கள். ஒரு புட்டித் தக்காளியைக் காப்பாற்றப் போய் ஓர் உயிரை இழப்பது அறிவுடைமை ஆகாது.

பஞ்சாயத்தின் கடமை

உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வேலையைக் கற்றுக்கொள்ளாமல் தொடங்குவோரே மிகுதி. பக்கத்து வீட்டார் சொன்ன நேரமும், ஊகித்த அளவும் இதற்கு உதவா. மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. நாட்டிலேயே முதலாவது நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கப்பெற்றது. மைசூரில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும், தஞ்சையிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் நமக்கு எட்டாத இடங்கள் அல்ல. அறுவடைக் காலத்துக்கு முன்பே அவற்றுக்கு எழுதிப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யலாம். ஒவ்வொரு வீட்டிலும் பெரிய பாத்திரமும் இடுக்கியும் வாங்க இயலாது. குழுவுக்குப் பொதுவாக ஒரு தொகுதி இருந்தால், வீடு வீடாக முறைவைத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். விற்பனை செய்ய விரும்பும் குழுக்கள் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெற்ற பின்னரே விற்க வேண்டும். புட்டியின் புளிப்பை ஆய்வகத்தில் சோதித்துக்கொள்வதும் அவர்கள் கடமை.

அன்பர்களே! புதிய அடுப்பை வெறுக்கவும் வேண்டாம். கண்மூடி நம்பவும் வேண்டாம். புளிப்பை அளந்து இடுங்கள். கொதி அறாமல் காத்திருங்கள். ஐயம் தோன்றினால் புட்டியை எறிந்துவிடுங்கள். இம்மூன்றையும் கடைப்பிடித்தால், சாலையோரத்தில் கொட்டப்படும் தக்காளியில் ஒரு பகுதியாவது நம் குழந்தைகளின் தட்டுக்கு நலமாக வந்து சேரும்.